முக்காதீங்க, தோன் அனிசேத்தோ!

எங்கள் ஊர் பாசோ குருபாயில், வானொலி வர்ணனையாளர் தோன் அனிசேத்தோ சொல்லாமல் ஒரு கோலும் கோல் ஆனதில்லை. மைதானத்திலேயே உட்கார்ந்து, பந்து வலைக்குள் போனதைத் தன் கண்ணால் பார்த்தவன்கூட, காதோடு ஒட்டிவைத்திருக்கும் டிரான்சிஸ்டரில் அவர் "கோ...ல்" என்று இழுத்த பிறகுதான் எழுந்து குதிப்பான். அறுபத்தேழு வயதிலும் அந்த இழுப்பில் ஒரு பிசிறு கிடையாது. மூச்சு, குரல், ஞாபகம் எல்லாம் திடம். தகராறு செய்தது வேறோர் இடம்.

நான் தெயோதோரா. எங்கள் ஊர் வானொலியில் ஒலிப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். பாட்டுப் போடுவது, விளம்பரம் போடுவது, மைக்கைத் திறப்பது, மூடுவது, ஆண்கள் பேச்சு எல்லை தாண்டினால் முறைப்பது, இவ்வளவும் என் வேலை. ஆட்ட நாளில் மைதானத்து மரக்கூண்டில் அவர் பக்கத்தில் இருப்பதும் நான்தான். அதனால் அவர் மனைவிக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். அந்த அம்மா புவெனோஸ் அய்ரெஸில் ஒரு பணக்காரக் கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் அங்கேதான்.

விஷயம் முதலில் எனக்குப் பிடிபட்டது தெரெரே வட்டத்தில். காலையும் மாலையும் நிலைய வாசல் மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்வோம். ஒரே கொம்புக் குவளை, அதில் இலைத்தூள், ஒரே உறிஞ்சுகுழல். குளிர்ந்த தண்ணீரை ஊற்றி ஊற்றி ஒவ்வொருவராகக் குடித்துக் கைமாற்றுவோம். போதும் என்பவன் மட்டும்தான் "நன்றி" சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அப்புறம் குவளை அவன் பக்கம் வராது. மரியாதைக்காக முதல் வாயிலேயே நன்றி சொல்லிவிட்டு நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்த வெளியூர்க்காரர்கள் எத்தனையோ பேர். தோன் அனிசேத்தோ அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. தண்ணீர் தீர்ந்தால்தான் அவர் எழுவார். அப்படிப்பட்டவர் இரண்டாவது சுற்றிலேயே "நன்றி" சொல்லிவிட்டுப் பின்பக்கம் போக ஆரம்பித்தார். போனவர் லேசில் திரும்பவும் மாட்டார். வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போவார்.

"சர்க்கரை ஏதாவது இருக்கா தோன் அனிசேத்தோ?" என்று கேட்டேன்.

"வெயில்" என்றார்.

"வெயில்னா வேர்க்கத்தானே செய்யும்? உங்களுக்கு மட்டும் கீழ இறங்குதா?"

"தெயோ, நீ உன் பலகையைப் பாரு. என்னைப் பாக்காதே."

மைதானத்துக் கூண்டில்தான் வம்பு பெரிதானது. மரப்படியில் இறங்கி, பின்சுவர் ஓரமுள்ள கழிப்பறைக்குப் போய், காரியம் முடித்து ஏறி வருவதற்குள் ஆட்டமே தலைகீழாகிவிடும். ஒரு பாட்டிலில் முடித்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதையும் முயன்றோம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், காதைப் பொத்திக்கொண்டேன், கடைசியில் தேவாலயப் பாட்டுக்கூடப் பாடினேன். ஒரு சொட்டு வரவில்லை. "நீ பாடுறதைக் கேட்டா உள்ள இருக்கறதும் பயந்து ஒளிஞ்சுக்குது" என்று பழியை என் தலையில் போட்டார். உண்மை என்னவென்றால், அவருக்கு அவசரமாக முட்டிக்கொண்டு வரும். போய் நின்றால் ஆரம்பிக்காது. ஆரம்பித்தால் நூல் மாதிரி வரும். முடிந்தது என்று பொத்தானைப் போட்ட பிறகு இன்னும் கொஞ்சம் வரும். அவர் கறுப்புக் காற்சட்டைக்கு மாறியதற்குக் காரணம் அதுதான். இதெல்லாம் பின்னால் அவரே ஊரறியச் சொன்னது. அப்போது நான் ஊகித்துத்தான் வைத்திருந்தேன்.

மாகாணக் கோப்பை அரையிறுதி அன்று குட்டு உடைந்தது. ஆட்டம் சமநிலை, முடியப்போகிற நேரம். தோன் அனிசேத்தோ நாற்காலியில் நெளிந்தார், முட்டியோடு முட்டியை ஒட்டினார், பிறகு "நம் விளம்பரதாரர் வழங்கும் சில வார்த்தைகள்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினார். நான் கைக்கு வந்த விளம்பரத்தைப் போட்டேன். கோழித் தீவன விளம்பரம். கோழி கொக்கரித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் பையன்கள் கோல் போட்டார்கள். ஊரை முதல்முதலாக இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோன கோல் அது. வீட்டிலும் வயலிலும் லாரியிலும் கேட்டுக்கொண்டிருந்த சனத்துக்கு அது கொக்கொக்கோ என்றுதான் போய்ச் சேர்ந்தது.

தோன் அனிசேத்தோ திரும்பி வந்தபோது சட்டை பாதி வெளியே தொங்கியது. கூட்டம் குதிப்பதைப் பார்த்தார். "யாரு போட்டது?" என்று வாயசைத்து என்னைக் கேட்டார். வாழ்நாள் முழுக்கத் தோல்வியாகவே வர்ணித்துத் தேய்ந்த மனிதர், வராது வந்த அந்த ஒரு கோலைத் தவறவிட்டுவிட்டு நின்ற முகத்தை நான் எப்படிச் சொல்ல?

மறுநாள் நிலைய உரிமையாளர் ஒஸ்மார் வந்தார். அப்பா விட்டுப்போன வானொலியை நடத்துகிறவர். ஆள் கெட்டவர் இல்லை. தலைநகர் அசுன்சியோனிலிருந்து எது வந்தாலும் வாயைப் பிளப்பார், அவ்வளவுதான்.

"தோன் அனிசேத்தோ, இறுதி ஆட்டத்துக்கு அசுன்சியோன்லேருந்து ஒருத்தரை வரச் சொல்லலாம்னு இருக்கேன். இளவட்டம். நல்ல குரல்."

"ஏன், என் குரலுக்கு என்ன?"

"குரலுக்கு ஒண்ணுமில்ல. குரல் இருக்க வேண்டிய நேரத்துல ஆள் இல்லையே."

"ஒரே ஒரு தடவை, ஒஸ்மார். வயிறு சரியில்லாம போச்சு."

"ஒரே ஒரு தடவையா? தெயோ, நீ சொல்லு."

நான் பலகையில் இல்லாத தூசியைத் துடைத்தேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டர் வாயால வரட்டும்" என்றார் ஒஸ்மார். "வந்தா மைக் உங்களுது. வரலைன்னா அவர் உக்காருவார். கோச்சுக்காதீங்க."

இறுதி ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. அந்த மைக் கைவிட்டுப் போனால் மனிதர் உடைந்துபோவார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் அவர் முகத்தில் கவலை இல்லை, சண்டைக்குப் போகிறவனின் தெம்புதான் இருந்தது.

பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரிக்குச் சிறுநீரக டாக்டர் ஒருவர் வாரம் ஒரு நாள் வருவார். நேரம் கேட்டுத் தொலைபேசியில் பேசியபோது, "மூத்திரம் போற வேகத்தை அளந்து பாப்பாங்க, தண்ணி குடிச்சுட்டு, மூத்திரப்பையை நிறைச்சுக்கிட்டு வாங்க" என்று சொன்னார்கள். வேகம் என்ற சொல்லைக் கேட்டதும் இவருக்கு ரத்தம் சூடேறிவிட்டது. அன்று மாலை தெரெரே வட்டத்தில் அது ஒரு பயிற்சி முகாமாகவே ஆகிவிட்டது.

"கும்பா, வேகம்னு சொல்லிட்டாங்கல்ல? அப்போ ஜெயிச்சே காட்டணும்" என்றார் ஃபுல்ஜென்சியோ. அவர் ஒரு காலத்தில் எங்கள் அணியின் தடுப்பாட்டக்காரர். தோன் அனிசேத்தோவின் மூத்த மகளுக்கு ஞானத்தகப்பன், அதனால் இருவரும் ஒருவரையொருவர் கும்பா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"எப்படிடா ஜெயிக்கிறது?"

"குதிரைவால் பூண்டு. சோள நார். அன்னாசித் தோல். மூணையும் இடிச்சு தெரெரே தண்ணியில போடு. ஆத்து வெள்ளம் மாதிரி வரும். அங்க போய் நின்ன உடனே மூச்சை இழு, வயித்தை இறுக்கு, ஒரே தள்ளு. எல்லைக்கோட்டுலேருந்து பந்தை எறியறோமே, அந்த மாதிரி."

எங்கள் ஊரில் எந்த நோவு வந்தாலும் அதற்கு ஒரு மூலிகையை இடித்து தெரெரே தண்ணீரில் போட்டால்தான் மனசு ஆறும். சந்தையில் மூலிகைக்காரி உரலில் போட்டு இடித்துத் தந்தாள். யாருக்கு, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குதிரைவால் பூண்டு வாங்கும் ஆணிடம் காரணம் கேட்க மாட்டார்கள்.

டாக்டர் வரும் நாளன்று நிலையத்துச் சின்ன லாரியை நான் ஓட்டினேன். ஃபுல்ஜென்சியோ நடுவில் உட்கார்ந்து வழி முழுக்க ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். அன்று தோன் அனிசேத்தோ நன்றி சொல்லவே இல்லை. ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் நாலைந்து பேர் இருந்தார்கள். மனிதர் உட்கார்ந்தார், எழுந்தார், சுவரைப் பிடித்தார், ஒற்றைக் காலில் நின்றார். உதடு வெளுத்துப்போனது.

"கும்பா, இதுதான் சரியான பதம். தாங்கு" என்றார் ஃபுல்ஜென்சியோ.

டாக்டர் நொயேலியா குள்ளமான, நிதானமான பெண். பெண் டாக்டர் என்றதும் தோன் அனிசேத்தோ தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். சின்ன அறை. தாங்கியில் ஒரு புனல், அதன் கீழே தராசின் மேல் ஒரு ஜாடி, அதிலிருந்து ஒரு கம்பி ஒரு பெட்டிக்குப் போனது.

"வீட்டுல எப்படிப் போவீங்களோ அப்படியே இதுல போங்க. நான் வெளியில இருக்கேன், அவசரமில்லை" என்று சொல்லிவிட்டு டாக்டர் கதவைச் சாத்தினார்.

உள்ளே ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை. ஃபுல்ஜென்சியோவுக்குப் பொறுக்கவில்லை. கதவில் வாயை வைத்தார்.

"கும்பா! மூச்சை இழு! தள்ளுடா!"

உள்ளே ஒரு முனகல், ஒரு பீச்சல். நின்றது. இன்னொரு முனகல், இன்னொரு பீச்சல்.

"நீங்க யாரு?" என்று டாக்டர் அவரைக் கேட்டார்.

"பயிற்சியாளர்" என்றார் ஃபுல்ஜென்சியோ, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

தோன் அனிசேத்தோ வெளியே வந்தபோது முகம் தக்காளியாகச் சிவந்து, நெற்றியில் வியர்வை. கையில் பெட்டி துப்பிய காகிதத்துண்டு. "பத்தொன்பது! தெயோ, சுவத்துல என்ன எழுதியிருக்கு பாரு. வினாடிக்குப் பதினைஞ்சு மில்லி இருந்தாலே போதுமாம். எனக்குப் பத்தொன்பது!" இரண்டு கும்பாக்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

டாக்டர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "முக்கினீங்களா?"

"முக்கல. கொஞ்சம் ஊக்கம் கொடுத்தேன்."

டாக்டர் பேனாவை எடுத்து அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குன்று வரைந்தார். "தானா போனா இப்படி வரும். ஏறும், இறங்கும், முடிஞ்சுது. உங்களுது ரம்பம் மாதிரி இருக்கு. ஒவ்வொரு பல்லும் ஒரு முக்கு. இந்தப் பத்தொன்பது உங்க வயித்துத் தசையோட வேகம், மூத்திரப்பையோடது இல்ல. அதோட அளவுக்கு மீறி நிரப்பிக்கிட்டு வந்திருக்கீங்க. இது செல்லாது. சாயங்காலம் வரைக்கும் இருங்க, நிதானமா இன்னொரு தடவை பாக்கலாம். மிச்சம் எவ்வளவு நிக்குதுன்னு ஸ்கேன்லயும் பாக்கணும்."

"நடுவர் விசில் அடிச்சாச்சு டாக்டரம்மா" என்றார் தோன் அனிசேத்தோ. "ஜெயிச்ச ஆட்டத்தை எவனும் மறுபடி ஆட மாட்டான்." காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

லாரியில் ஏறியதும் வெற்றி வர்ணனை ஆரம்பமானது. ஒஸ்மாரின் மேசையில் அந்தக் காகிதத்தை எப்படி வீசுவார், அசுன்சியோன்காரன் எப்படி வந்த பேருந்திலேயே திரும்புவான் என்று நடித்தே காட்டினார். அந்த நகரத்து எல்லையைத் தாண்டுவதற்குள் "கொஞ்சம் நிறுத்து" என்றார். வேலியோரம் நின்றார், வந்தார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும். மூன்றாம் தடவை இறங்கியவர் திரும்பவில்லை. மாடுகள் அவரைப் பார்த்தன, நாங்கள் மாடுகளைப் பார்த்தோம். நான் இறங்கிப் போனேன்.

அவர் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வர மாட்டேங்குது, தெயோ. உள்ள முட்டுது, வர மாட்டேங்குது." அப்புறம் மெதுவாகச் சொன்னார். "பயமா இருக்கு."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது. "மெஷினை ஏமாத்திட்டீங்க. ரொம்ப சந்தோஷம். ஒஸ்மாரையும் ஏமாத்துவீங்க. அன்னிக்குக் கூண்டுல முட்டிக்கிட்டு வந்தா அந்தக் காகிதமா இறங்கி ஓடும்? மறுபடியும் கோழிதான் கொக்கரிக்கணுமா?"

அவர் கம்பியை விட்டுவிட்டு, அடி வாங்கிய பிள்ளை மாதிரி வந்து லாரியில் ஏறினார். நான் வண்டியைத் திருப்பினேன்.

ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது, தானாகவே சொட்டுச் சொட்டாகப் போய்க் கொஞ்சம் ஆசுவாசப்பட்டார். பிறகு டாக்டர் சொன்னபடி அளவாகத் தண்ணீர் குடித்து, உட்கார்ந்து, சாதாரணமாக வரும்போது புனலுக்குப் போனார். ஃபுல்ஜென்சியோவை லாரியை விட்டு இறங்கக்கூடாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். இந்த முறை முனகல் இல்லை. பெட்டி வரைந்த கோடு சாக்கோச் சமவெளி மாதிரி தட்டையாக, முடிகிற வழியே தெரியாமல் நீண்டது. உச்சம் எட்டைத் தாண்டவில்லை. வயிற்றின் மேல் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தால், போய்விட்டு வந்த பிறகும் உள்ளே ஒரு குவளைக்கு மேல் தேங்கி நின்றது. அதற்கப்புறம் டாக்டர் கையுறையை மாட்டினார். அந்தப் பகுதியைத் தோன் அனிசேத்தோ யாரிடமும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"பிராஸ்டேட் சுரப்பி பெரிசாகி வழியை நெருக்குது. உங்க வயசு ஆம்பளைங்கள்ல ஏகப்பட்ட பேருக்கு இருக்கு, ஒருத்தரும் வாயைத் திறக்கிறதில்லை" என்றார் டாக்டர். "ரத்தமும் கொடுத்துட்டுப் போங்க, வேற கெடுதல் எதுவும் இல்லைன்னு உறுதிப்படுத்திக்கலாம். தினமும் இந்த மாத்திரை. மூலிகைத் தண்ணி வேண்டாம். முக்கவே கூடாது. ஒரு தடவை போயிட்டுக் கொஞ்சம் பொறுத்து மறுபடி போங்க, மிச்சமும் வரும்."

"இறுதி ஆட்டத்துக்குள்ள சரியாயிடுமா டாக்டரம்மா?"

"நல்லாக் குறையும். ஆனா ஒண்ணுமே இல்லைன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன். இருக்கு. மருந்து சாப்பிடறார்னு சொல்வேன்."

ஒஸ்மார் கேட்டது அது இல்லையே. அதற்குத் தோதாக இருந்தது அந்தப் பத்தொன்பதுதான். அது இன்னும் இவர் சட்டைப்பையில்தான் இருந்தது. அதை மேசையில் வைத்திருந்தால் ஒஸ்மாருக்கு ரம்பமும் தெரியாது, குன்றும் தெரியாது. நான் ரோட்டைப் பார்த்து வண்டியை ஓட்டினேன். அவருடைய சட்டைப்பை, அவருடைய முடிவு.

மறுநாள் காலை நிகழ்ச்சியில் செய்தி, மாட்டுச்சந்தை நிலவரம், பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் முடிந்தது. பாட்டுப் போடலாமா என்று சைகையில் கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு மைக்கை இழுத்துக்கொண்டார்.

"நேயர்களே! நேத்து ஒரு ஆட்டம் நடந்துச்சு. நீங்க யாரும் பாக்கல. ஒரு பக்கம் உங்க அனிசேத்தோ, வயசு அறுபத்தேழு. எதிரணி, ஒரு புனல்! முதல் ஆட்டத்துல அனிசேத்தோ முக்குறார்... தள்ளுறார்... பத்தொன்பது! கூட்டம் ஆர்ப்பரிக்குது. ஆனா நடுவரம்மா ஒத்துக்கல. முக்கினது செல்லாதுங்கறாங்க, நேயர்களே. செல்லாதுதான். ரெண்டாவது ஆட்டம். மெதுவா வர்றார், நிக்கிறார், காத்திருக்கார்... வருது... நூல் மாதிரி வருது... இன்னும் வருது... எட்டு! வெறும் எட்டு! அரையிறுதிக் கோலை நீங்க கேக்காம போனதுக்கு இந்த எட்டுதான் காரணம். வயிறும் இல்ல, வெயிலும் இல்ல. பொய் சொன்னேன், மன்னிச்சுக்குங்க."

தொலைபேசி அலறியது. ஒஸ்மார். "தெயோ, நிறுத்து! மூத்திரத்தைப் போய் வானொலியில..." நான் ரிசீவரை மேசை மேல் படுக்க வைத்தேன். மனிதர் உள்ளே வீங்கிய சுரப்பியையும், தேங்கி நின்ற குவளையையும், கறுப்புக் காற்சட்டையையும் ஒவ்வொன்றாக வர்ணித்துக்கொண்டே போனார். நான் ஒலியை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

ரிசீவரைத் திரும்ப வைத்ததும் அழைப்பு மேல் அழைப்பு. ஆண்கள் எல்லோரும் அடுத்தவனுக்காகக் கேட்டார்கள். சித்தப்பாவுக்காம், பக்கத்து வீட்டுக்காரனுக்காம், கூட வேலை செய்கிறவனுக்காம். பெண்கள் சுற்றி வளைக்கவில்லை. "என் புருஷனுக்குத்தான். அந்த டாக்டரம்மா என்னிக்கு வருவாங்க?" என்று நேராகவே கேட்டார்கள்.

மத்தியானம் ஒஸ்மார் வந்தார். ஊரே கேட்கும்போது மைக்கைப் பிடுங்க அவரால் முடியவில்லை, அசுன்சியோனை விடவும் மனசில்லை. "அவரும் வருவார். பக்கத்து நாற்காலியில உக்காருவார். இடைவேளை தவிர நீங்க எழுந்தா அவர் பேசுவார். அதுக்கப்புறம் ஆட்டம் முடியறவரைக்கும் அவர்தான். சம்மதமா?"

"எழுந்தாத்தானே?" என்றார் தோன் அனிசேத்தோ.

இறுதி ஆட்டத்தில் எதிரணி லோமா பிந்தோ. மாத்திரை வேலை செய்திருந்தது. நூல் கயிறாகியிருக்கிறது என்று அவரே என்னிடம் சொன்னார். அன்று காலையிலிருந்து தெரெரே தொடவில்லை. அசுன்சியோன்காரர் வாசனைத் திரவியம் மணக்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல பிள்ளைதான், பாவம். முதல் பாதி முடிந்ததும் தோன் அனிசேத்தோ போய்வந்தார், கொஞ்சம் பொறுத்து மறுபடி போய்வந்தார். இரண்டாம் பாதி முழுக்க அசையவில்லை. ஆட்டம் கோலே இல்லாமல் கூடுதல் நேரத்துக்குப் போனது. அதிலும் கோல் இல்லை. இனி பெனால்டிதான். அவருடைய முட்டிகள் ஒட்டிக்கொண்டதை நான் பார்த்தேன். ஒஸ்மாரும் பின்னாலிருந்து பார்த்தார். அசுன்சியோன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

நான் விளம்பரப் பொத்தான் மேல் விரலை வைத்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"நேயர்களே, பெனால்டிக்கு ஆளுங்களைத் தேர்ந்தெடுத்துக்கிட்டு இருக்காங்க. எனக்கு மூத்திரம் வருது. போயிட்டு வர்றேன். வந்துதான் சொல்வேன். என் வயசுக்காரங்க மைதானத்துல யாராவது காலை இறுக்கிக்கிட்டு உக்காந்திருந்தா, இதுதான் நேரம், எழுந்து வாங்க."

மைக்கை அசுன்சியோன்காரரிடம் நீட்டினார். "தம்பி, பேரெல்லாம் வாசிச்சுக்கிட்டு இருங்க. உதையை மட்டும் தொடாதீங்க."

கூண்டின் பின்பக்கச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மைதானத்துச் சிரிப்பு அலையாக எழுந்தது. அப்புறம் பார்வையாளர் படிகளில் அங்கே ஒரு வெள்ளைத் தலை எழுந்தது, இங்கே ஒரு தொப்பி எழுந்தது. காதில் டிரான்சிஸ்டரை வைத்தபடியே ஒவ்வொருவராக இறங்கி வந்து கழிப்பறை வாசலில் வரிசை கட்டினார்கள். இத்தனை வருஷம் மழை, வயிறு, வெயில், செருப்பு அறுந்தது என்று சொல்லி ஒதுங்கியவர்கள். தோன் அனிசேத்தோ படியிறங்கி வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

"அவரை விடுங்கப்பா! ஊரே காத்துக்கிட்டிருக்கு!" என்று ஃபுல்ஜென்சியோ கத்தினார். அவரும் வரிசையில்தான் நின்றார். வரிசை விலகியது. தோன் அனிசேத்தோ உள்ளே போனார். நேரம் ஆயிற்று. இன்னும் ஆயிற்று. வெளியே நின்ற கிழவர்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "முக்காதீங்க, தோன் அனிசேத்தோ!"

மைதானத்தில் நடுவர் காசைச் சுண்டி முடித்து, பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டார். முதல் உதைக்கு ஆள் தயாராக நின்றான். நடுவரும் ஐம்பதைத் தாண்டிய ஆள். கூண்டைப் பார்த்தார், கூண்டில் நாற்காலி காலி. குனிந்து இடது காலணியின் நாடாவை அவிழ்த்தார், கட்டினார். பிறகு வலது காலணி. அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஓட்டம் இல்லை, நிதானமான நடை. ஒஸ்மார் நாற்காலியை மறித்து நின்றார். எழுந்தால் அவ்வளவுதான் என்று சொன்னவர் அவர்தானே. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே கூட்டம் "அனிசேத்தோ, அனிசேத்தோ" என்று கத்திக் கை தட்ட ஆரம்பித்துவிட்டது. ஒஸ்மார் நகர்ந்தார். அசுன்சியோன்காரர் தானே எழுந்து மைக்கை இரண்டு கையாலும் கொடுத்தார்.

ஒவ்வோர் உதையையும் தோன் அனிசேத்தோ சொன்னார். எங்கள் பையன் ஒருவன் கம்பத்தில் அடித்தான், அதையும் சொன்னார். கடைசி உதை லோமா பிந்தோவுக்கு. ஓடி வந்தான், அடித்தான், எங்கள் கோல்காப்பாளர் ஒரு பக்கம் விழுந்தான், பந்து மறுபக்கம் போனது. மைதானம் செத்துப்போனது. அந்த அமைதியில் தோன் அனிசேத்தோ மூச்சு தீரும்வரை "கோ...ல்" என்று இழுத்தார். எங்களைத் தோற்கடித்த கோலை, ஒரு பிசிறு இல்லாமல்.

பிறகு மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். கன்னத்தில் கண்ணீர், குரலில் துளியும் இல்லை.

"தோத்துட்டோம், நேயர்களே. நான் பாத்தேன். இந்தத் தடவை நான் பாத்தேன்."